ஒலியட்டையும் நம்மூர்க் குரல்களும்

இசையைக் கேட்பது ஒரு செயல். அதனைப் பதிந்து வைப்பது வேறொரு செயல். இவ்விரண்டுக்கும் இன்று கணினியிலே ஒரே உறுப்புப் பொறுப்பேற்றிருக்கிறது. அதனை ஒலியட்டை என்று வழங்குகிறோம். இரண்டு தொழிலையும் ஒன்றே செய்வதனால், இரண்டும் ஒரே தொழில் என்று மயங்கும் வழக்கமும் நம்மிடையே பரவிவிட்டது. "எந்த ஒலியட்டை நல்லது?" என்று ஆசிரியர்களும் மாணவர்களும் என்னைக் கேட்கின்றனர். "எதற்கு நல்லது?" என்ற வினாவை அவர்களுட் பலர் தம்முள்ளே கேட்டுக்கொள்வதில்லை. அவ்வினாவை எழுப்பி, என் சிற்றறிவுக்கு எட்டிய விடையையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முடிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்பதற்காக ஒலியட்டையிற் பெரும்பொருள் செலவிடுவது நம்மிற் பெரும்பாலோர்க்கு வேண்டாத செலவு. பதிவதற்காக அளவறிந்து செலவிடுவதோ, திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ வாழும் நமக்கு இன்று ஒரு கடமை. இந்த இரண்டையும் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதே என் குறை.

ஏடு கிடைத்தது, பண் எங்கே?

இலக்கியப் பக்கத்தில் இயந்திரத்தைப் பற்றி எழுதுவதா என்று சிலர் புருவத்தை நெரிக்கலாம். அன்னார்க்குத் திருமுறை கண்ட வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். தில்லையிலே பூட்டிய அறையினுள் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளை இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டனர் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. பாடும் முறையை ஏடு சொல்லவில்லை. ஆதலின், எருக்கத்தம்புலியூரிலே திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியைத் தேடிச் சென்று, அவள் வாயிலாகப் பண்ணை வகுத்தனர் என்பது அப்புராணம் தரும் செய்தி. இதனை வரலாறு என்று கொள்வாரும் உளர். கதை என்று கொள்வாரும் உளர். எவ்வாறு கொள்ளினும் உண்மை ஒன்றுதான்: சொல்லை ஏடு காக்கும், ஒலியைக் காக்க இன்னொரு தொண்டை வேண்டும்.

நம்முடைய கோணமலைப் பதிகத்தையே எடுத்துக்கொள்வோம். ஞானசம்பந்தர் அருளிய அப்பதிகம் மூன்றாந் திருமுறையிலே புறநீர்மைப் பண்ணில் அமைந்தது. இறைவனின் கழலொலியையும் சிலம்பொலியையும் சொல்லித் தொடங்கி, கடலின் முழக்கத்தைச் சொல்லி முதற் பாட்டு முடிகிறது. பாடலே ஒலியைப் பற்றியது! ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் பிறந்த அந்தச் சொற்கள் நம் கையில் உள்ளன. புறநீர்மையை இன்று ஓதுவார்கள் பூபாள இராகத்தோடு பொருத்திப் பாடுகின்றனர். சம்பந்தரின் மிடற்றிலே அது எவ்வாறு ஒலித்ததென்று இன்று எவராலும் சொல்லவியலாது.

அக்காலத்தாரை நாம் குறை கூற முடியாது. ஒலியைப் பிடித்து வைக்கும் கருவி அவர்களிடம் இல்லை. எடிசன் 1877ஆம் ஆண்டில் தம் பேசும் பொறியை அமைத்தார். 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவிலே கௌஹர் ஜானின் பாட்டு இசைத்தட்டிற் பதியப்பட்டது. அன்று தொட்டு, பெரிய நகரங்களில் வாழ்ந்த பெரிய வித்துவான்களின் இசைக்கு அழிவில்லை. நம்மூர் வயல்வெளியிலும் கடற்கரையிலும் பாடியவர்களின் வீட்டு வாயிலுக்கு எந்தக் கம்பெனியின் வண்டியும் வந்து நிற்கவில்லை.

கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலை எண்ணிப் பாருங்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றையோர் ஏற்றுப் பாடி, அந்தத் தாளத்திலேயே வலைக்கயிற்றை வாங்குவர். பாட்டும் இழுப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வலையை இழுக்க இயந்திரம் வந்த கரையிலே பாட்டுக்கு வேலை இல்லை. தம்பலகாமத்து வயல்களில் அரிவாளின் இடத்தை அறுவடை இயந்திரம் கொண்டபோது, அருவி வெட்டுப் பாடலுக்கும் அதுவே நேர்ந்தது. கிண்ணியாவிலும் மூதூரிலும் முதிய பெண்கள் சொல்லும் கவிகளும், களிகம்பு ஆடுவோரின் பாட்டுகளும் இன்னும் சிலருடைய நினைவிலேயே தங்கியிருக்கின்றன. மு. இராமலிங்கம் போன்ற அறிஞர்கள் நாட்டார் பாடல்களை அரிதின் முயன்று தொகுத்து அச்சேற்றினார்கள். நன்றியோடு வணங்குகிறோம். ஆயினும் அச்சிலே வந்தவை சொற்கள், மெட்டு வரவில்லை. மீண்டும் ஏடு கிடைத்தது, பண் எங்கே?

இந்நிலையிலேதான் ஒலியட்டை என்னும் சிறு பொருள், இலக்கிய வட்டங்கள் ஆராயவேண்டிய பெரும் பொருளாகிறது.

இரு வாயில்கள்

ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒலிவாங்கி அதனை மின்னலையாக மாற்றும். கணினிக்கோ எண்களன்றி வேறெதுவும் விளங்காது. ஆகவே மின்னலையை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதுவது ஒலியட்டையின் முதற்றொழில். எழுதிய எண்களை மீண்டும் மின்னலையாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது இரண்டாவது தொழில். முன்னதை உள்வாயில் என்றும் பின்னதை வெளிவாயில் என்றும் இக்கட்டுரையில் அழைப்போம்.

நொடிக்கு எத்தனை முறை அளக்கவேண்டும்? மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரையுள்ள அதிர்வையே கேட்கும். முதுமையில் அதுவும் குறையும். ஓர் அதிர்வை எண்ணாற் குறிக்க அதன் இரு மடங்குக்கு மேல் அளந்தாற் போதும் என்பது கணித முடிபு. அதனாலேயே 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த குறுவட்டில் நொடிக்கு 44,100 முறை என்று வகுத்தனர். ஒவ்வோர் அளவையும் எத்தனை நுட்பமாக எழுதுவது என்பது இன்னொரு வினா. குறுவட்டில் அது 16 பிட். அதாவது 65,536 படிகள். 24 பிட் ஆயின் 1,67,77,216 படிகள். ஒவ்வொரு பிட்டும் மெல்லோசைக்கும் வல்லோசைக்கும் இடையிலுள்ள தூரத்தை ஏறத்தாழ 6 டெசிபெல் விரிக்கும். ஆகவே 16 பிட்டுக்கு 96 டெசிபெல். 24 பிட்டுக்கு ஏட்டளவில் 144. மின்னுறுப்புகளுக்கே இயல்பான இரைச்சல் குறுக்கிடுவதால் அந்த 144ஐ எந்தப் பெட்டியும் எட்டுவதில்லை. 110 முதல் 120 வரை எட்டுவன நல்லவை.

இக்கலை வளர்ந்த வேகம் வியப்புக்குரியது. சிங்கப்பூரிலே சிம் வோங் ஹூ என்பவர் 1981ஆம் ஆண்டில் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் என்னும் அட்டையை வெளியிட்டது. அதன் அளவு 8 பிட். வெறும் 256 படிகள். மூன்றே ஆண்டுகளில், 1992இல், அதே நிறுவனம் 16 பிட் அட்டையைக் கொணர்ந்தது. 1997இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏசி'97 என்னும் நியமத்தின் பின்னர், ஒலியுறுப்பு கணினியின் தாய்ப்பலகையிலேயே குடியேறிவிட்டது. கணினியின் உள்ளே செருகும் தனி அட்டையை இன்று நாடுவோர் சிலரே. யூ.எஸ்.பி. கம்பியால் வெளியே இணைக்கும் சிறு பெட்டியே அதன் இடத்தைப் பெற்றுள்ளது. கடைக்காரர் அதனை 'ஓடியோ இன்டர்ஃபேஸ்' என்பார். பெயர் எதுவாயினும் தொழில் ஒன்றே.

கேட்பவருக்கு

கேட்பதோடு நின்றுவிடுவோர்க்கு என் ஆலோசனை சுருக்கமானது. உங்கள் கணினியிலே ஏற்கெனவே இருக்கும் ஒலியுறுப்பை முதலிற் செம்மையாகக் கேட்டுப் பாருங்கள். பாட்டு நின்ற இடத்தில் 'ஸ்...' என்ற சீறலோ, சுட்டியை அசைக்கும்போது கிறுகிறுப்போ காதில் விழாவிட்டால் அதுவே போதும். விழுந்தால், குறைந்த விலையில் கிடைக்கும் சிறிய யூ.எஸ்.பி. ஒலிமாற்றி ஒன்று அக்குறையைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். வெளிவாயிலின் கலை முதிர்ந்துவிட்டது. மலிவான பொருளிலும் அது செவியின் எல்லையைத் தொட்டுவிட்டது.

எஞ்சிய பணத்தை ஒலிபெருக்கியிலோ ஹெட்போனிலோ இடுங்கள். அதிலும் எஞ்சினால் அறையைக் கவனியுங்கள். வெறுஞ்சுவரும் தகரக் கூரையும் கொண்ட அறையிலே மிருதங்கத்தின் தொப்பி ஒலி குழம்பும். ஒரு கனத்த திரைச்சீலையும், புத்தகங்கள் நிறைந்த அலுமாரியும் செய்யும் நன்மையை எந்த ஒலியட்டையும் செய்யாது. நூல் சேர்ப்போர்க்கு இது நற்செய்தியன்றோ!

192 கிலோஹேர்ட்ஸ், 32 பிட் என்று பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களைக் கண்டு மயங்கவேண்டாம். நொடிக்கு 1,92,000 முறை அளந்தால் 96,000 ஹேர்ட்ஸ் வரையுள்ள ஒலியைப் பிடிக்கலாம். அதனைக் கேட்க வௌவாலின் செவி வேண்டும். கேட்பவருக்கு அது பயனற்ற ஆடம்பரம். சேமிப்பவருக்கு நான்கு மடங்கு இடச்சுமை.

பதிபவருக்கு

உள்வாயிலின் கதை வேறு. மூதாட்டி ஒருத்தி தன் பேத்திக்குப் பாடிய தாலாட்டை மெல்லப் பாடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஒலிவாங்கி அக்குரலை மின்னாக மாற்றும்போது எழுவது ஒரு வோல்ட்டின் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைவு. அதனை அளக்கத்தக்க நிலைக்கு உயர்த்த ஆயிரம் மடங்குக்கு மேற் பெருக்கவேண்டும். பெருக்கும் உறுப்புக்கு முன்பெருக்கி என்று பெயர். குரலை ஆயிரம் மடங்கு பெருக்கும்போது, முன்பெருக்கி தன்னுடைய சொந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். மலிவான கணினியின் ஒலிவாங்கித் துளையில் இந்த இரைச்சல், மூதாட்டியின் குரலுக்குப் பக்கத்திலேயே வந்து அமர்ந்துவிடும். பின்னர் எத்தனை பிட் வைத்து எழுதினாலும், எழுதப்படுவது குரலும் இரைச்சலும் கலந்த கலவையே.

ஆகவே பதிவுக்கென்று பெட்டி வாங்குவோர் முதலிற் பார்க்கவேண்டியது முன்பெருக்கியின் தரம். விவரத்தாளில் 'உள்ளீட்டுச் சமான இரைச்சல்' என்று ஓர் எண் இருக்கும். அது -125 டெசிபெல் அளவிலோ, -128 போல அதற்கும் கீழேயோ இருந்தால் நம் தேவைக்குப் போதும். முன்பெருக்கி 55 முதல் 60 டெசிபெல் வரை பெருக்கவல்லதாயும் இருத்தல் வேண்டும். விவரத்தாளில் இவ்வெண்களைக் கூறாமல் 192 கிலோஹேர்ட்ஸை மட்டும் பெரிதாக அச்சிடும் பெட்டியைக் கண்டால் விலகி நடப்பது நலம். ஃபோகஸ்ரைட், ஓடியண்ட், மோட்டு முதலிய நிறுவனங்களின் இரண்டு உள்வாயில் கொண்ட சிறு பெட்டிகள் இவ்வளவையிற் குறைவுபடுவதில்லை. நான் எவருக்கும் விளம்பரம் செய்யவில்லை. அளவுகோலைக் கையில் கொடுக்கிறேன், பொருளை நீங்களே அளந்து வாங்குங்கள்.

இரண்டாவதாகப் பார்க்கவேண்டியது 48 வோல்ட் மின்னூட்டம். கண்டென்சர் வகை ஒலிவாங்கிகள் மெல்லோசையைச் செவ்வையாகப் பிடிப்பவை. ஆனால் பெட்டியிலிருந்து அந்த மின்னூட்டம் வந்தாலன்றி அவை வாய் திறவா. மூன்றாவது, நேரடியாகக் கேட்கும் வசதி. பாடுபவர் ஹெட்போனிலே சுருதியைக் கேட்டுக்கொண்டு பாடும்போது, அவருடைய குரல் கணினிக்குட் சென்று சுற்றித் திரும்பினால் சற்றே பிந்தி ஒலிக்கும். நொடியின் நூறிலொரு பங்குத் தாமதம், பாடுபவர் மூன்றரை மீற்றர் தொலைவிலிருந்து தம் குரலைத் தாமே கேட்பதற்கு ஒப்பாகும். தாமதம் அதனினும் வளர்ந்தால் தாளம் தடுமாறும். குரலைக் கணினிக்குட் போகவிடாமல் பெட்டியிலிருந்தே செவிக்குத் தரும் திருகி இருந்தால் இத்தொல்லை இல்லை.

நான்காவது, நீடித்த வாழ்வு. தனியான இயக்கு மென்பொருளை நம்பி வாழும் பெட்டி, உற்பத்தி செய்தவர் அம்மென்பொருளைக் கைவிட்ட நாளிலே உயிரோடிருந்தும் பிணமாகும். பழைய பெட்டிகளைக் குறைந்த விலைக்கு வாங்கும் நம் மாணவர்கள் இதனைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். தனி மென்பொருள் இன்றியே கணினியும் கைத்தொலைபேசியும் அடையாளங் கண்டுகொள்ளும் பெட்டியே நமக்கு ஏற்றது.

பெட்டி வாங்கியபின் பதிவின் அளவு யாது? 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் என்பேன். ஒலி, ஒளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் குறைந்த அளவாகக் கூறுவதும் இதுவே. இரு தடத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ ஒரு கிகாபைட் இடத்தைக் கொள்ளும். 24 பிட்டின் உண்மையான பயன் செவிக்கு இனிமை சேர்ப்பதன்று. பதிபவருக்கு இடங்கொடுத்து மன்னிப்பதே. உச்சிக்கு 12 டெசிபெல் கீழே நின்று பதிந்தாலும் இரண்டு பிட் மட்டுமே வீணாகும். மிஞ்சிய 22 போதும். பாடுபவர் உணர்ச்சி மேலிட்டுத் திடீரெனக் குரலெடுத்தால், அந்த இடைவெளி அவரைத் தாங்கும். உச்சியில் முட்டி வெட்டுப்பட்ட குரலை எந்த மருத்துவராலும் ஒட்டவைக்க இயலாது.

துறைமுகத்தின் இரைச்சல்

இனி நம்மூருக்கே உரிய இடர்களைச் சொல்லவேண்டும். இங்கே முழு அமைதி என்பது அரிது. கோட்டைக்கு இருபுறமும் கடல் ஓயாமல் இரையும். உட்துறைமுகத்திலே கப்பல்களின் மின்பொறி முழங்கும். விடியலிற் படகு இயந்திரங்கள், பகலிற் காகங்களும் ஓட்டோக்களும், மாலையிற் கோயில் ஒலிபெருக்கி. ஒலிவாங்கியைப் பாடுபவரின் வாயருகே ஒரு சாண் தொலைவில் வைப்பதே இவற்றுக்கெல்லாம் முதல் மருந்து. தூரம் பாதியானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் உயரும். தூரத்துக் கடலோ உயராது. காசு செலவில்லாத இம்முறையை விட்டுவிட்டு விலையுயர்ந்த பெட்டியைத் தேடுவது பேதைமை.

இரண்டாவது இடர் மின்சாரம். நம் வீட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவது. புவியிணைப்புச் செம்மையற்ற கட்டிடங்களிலே அந்த 50 ஹேர்ட்ஸ் 'உம்...' என்ற முனகலாகப் பதிவினுட் புகும். தம்புராவின் நாதத்தோடு அது கலந்தால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. மடிக்கணினியின் மின்கம்பியைக் கழற்றி, மின்கலத்திலேயே இயக்கிப் பதிந்தால் பெரும்பாலும் அம்முனகல் மறையும். 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்ட நமக்கு, மின்கலத்தை நம்பி வாழும் கலையைப் புதிதாகக் கற்பிக்கவேண்டியதில்லை. மூன்றாவது, உப்புக்காற்று. பெட்டியின் துளைகளிலும் செருகிகளிலும் அது பச்சை பூக்கச் செய்யும். வேலை முடிந்தவுடன் ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதியோடு இறுக மூடும் பாத்திரத்திலே பெட்டியை இடுவது நன்று.

கடற்கரையிலே மடிக்கணினியும் பெட்டியும் கம்பிகளுமாகச் செல்வது நடவாத காரியம் என்பீர்கள். உண்மையே. அங்கே கையடக்கப் பதிகருவி உதவும். ஸூம், டாஸ்காம் முதலிய நிறுவனங்கள் செய்யும் இக்கருவிகளில் ஒலிவாங்கியும் முன்பெருக்கியும் எண்மாற்றியும் ஒருங்கே உள்ளன. இவற்றுட் சிலவற்றைக் கணினியோடு இணைத்தால் ஒலியட்டையாகவும் தொழிற்படும். ஒரே பொருளை மட்டும் வாங்கவல்ல வட்டத்துக்கு நான் இதனையே பரிந்துரைப்பேன். காற்றைத் தடுக்கும் உரோம உறையை மறவாதீர்கள்; வாடைக்காற்றின் முன் உறையில்லாத ஒலிவாங்கி வெறும் இடியையே பதியும்.

வீடுகளிலே கிடக்கும் பழைய ஒலிநாடாக்களை எண்ணாக்க விரும்புவோர்க்கும் ஒரு சொல். நாடாவின் இயல்பான இரைச்சலே பெரிது. எந்த நடுத்தர ஒலியட்டையும் அதனை விஞ்சி நிற்கும். அங்கே கெடுப்பது நாடாக்கருவியின் அழுக்கேறிய தலையே. பணத்தை அதன் துப்புரவிலும் சீரமைப்பிலும் இடுக. கருவியின் ஹெட்போன் துளையை விட்டு, அதன் நேர்வெளியீட்டிலிருந்து கம்பி கொடுத்து, ஒலிவாங்கித் துளையிற் செருகாது நேருள்ளீட்டிற் செருகுக. ஒருமுறை ஓடும்போதே பதிந்துவிடுக. உக்கிய நாடா மறுமுறை ஓடாமலே போகலாம்.

"கைத்தொலைபேசி போதாதா?"

இவ்வளவும் எதற்கு, சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசி போதாதா என்று கேட்போர் உளர். அவர்களது கேள்வியில் நியாயம் உண்டு. அண்மையிலே நண்பர் ஒருவர், முதிய கடற்றொழிலாளி ஒருவர் பாடிய அம்பாவைத் தொலைபேசியிற் பதிந்து கொணர்ந்தார். கேட்டேன். அடியெடுப்பவர் மூச்சு வாங்கும் இடங்களிலெல்லாம் கடல் திடீரெனப் பொங்கி எழுந்தது. அவர் மீண்டும் தொடங்கும்போது கடல் அடங்கியது, ஆனால் பாட்டின் முதலசையும் அதனோடு அமுங்கிவிட்டது. கருவி தானாகவே ஒலியளவை ஏற்றி இறக்கியதன் விளைவு அது. தொலைபேசி பேச்சுக்கென்று அமைந்தது. நீண்டு நிற்கும் சுருதியை அதன் இரைச்சல்நீக்கி இரைச்சல் என்றே கொண்டு தின்றுவிடுவதும் உண்டு. அடியெடுப்பவர் எந்த அசையிலே அழுத்தம் கொடுக்கிறார், கயிற்றை வாங்குவோர் எந்த அசையிலே சேர்கின்றனர் என்பதுதான் அம்பாவின் உயிர். அந்த உயிர்நிலையிலேயே பதிவு ஊனப்பட்டிருந்தது.

ஆயினும் அந்நண்பரைப் பாராட்டுகிறேன். பாடிய முதியவர் இன்று இல்லை. அப்பதிவும் இல்லையெனில் ஒன்றுமே இல்லை. நல்ல பெட்டி வரும்வரை காத்திருப்போம் என்று ஒரு குரலைத் தவறவிடுவது, பெட்டி வாங்காதிருப்பதினும் பெரும் பிழை. கையில் இருப்பது தொலைபேசியாயின் அதனாலேயே இன்று பதிக; தானியங்கு ஒலியளவை நிறுத்தும் பதிவுச் செயலியைத் தேடிக்கொள்க; அடுத்த மாதம் நல்ல கருவியோடு மீண்டும் செல்க.

பதிந்ததன் பயன்

பதிவு எத்துணை எதிர்பாராத பயனைத் தரும் என்பதற்கு நம் கடலே சான்று. 1984ஆம் ஆண்டில், திருகோணமலைக்கு அப்பாலுள்ள ஆழ்கடலிலே ஆய்வாளர்கள் நீலத்திமிங்கிலங்களின் குரலைப் பதிந்தனர். பெரும்பாலும் 110 ஹேர்ட்ஸுக்குக் கீழே அமைந்த தாழ்ந்த குரல் அது. மற்றைக் கடல்களிற் பதிந்த பாட்டுகளோடு பின்னர் ஒப்பிட்டபோது, இக்கடலின் திமிங்கிலங்களுக்கென்று தனிப் பாட்டு முறை உண்டென்பது புலனாயிற்று. பதிவு இருந்தமையால் ஒப்பீடு பிறந்தது. ஒப்பீட்டால் அறிவு பிறந்தது. இலங்கைத் திமிங்கிலத்தின் பாட்டு மரபை உலகம் வகைப்படுத்திவிட்டது. நம் கரைவலைத் தொழிலாளியின் பாட்டு மரபு, நிலாவெளிக்கும் மூதூருக்கும் இடையே எவ்வாறு மாறுகிறது என்று ஒப்பிட விரும்பும் மாணவனுக்கு நாம் எதனைக் கொடுக்கப் போகிறோம்?

ஒலிக்கு இந்த மண் புதிதன்று. ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல வானொலி, திருகோணமலையிலே அஞ்சல் நிலையம் நிறுவி, 1984 முதல் ஆசிய நாடுகளுக்கு ஒலி பரப்பியது. 2013இல் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. தொலைநாட்டுக் குரல்கள் எத்தனையோ நம் கரையிலிருந்து உலகத்துக்குப் போயின. நம் கரையின் குரலைப் பிடித்து வைக்க நமக்கு வேண்டுவது மேசையில் அடங்கும் ஒரு பெட்டி மட்டுமே.

பதிந்தபின் காத்தலும் வேண்டும். 2004ஆம் ஆண்டு மார்கழியிற் கடல் பொங்கியபோது, கரையோர வீடுகளின் ஒளிப்படங்களும் ஒலிநாடாக்களும் மனிதரோடு சேர்ந்தே போயின. போரிலே இடம்பெயர்ந்தோர் விட்டுச் சென்றவற்றுக்குக் கணக்கில்லை. ஆகவே ஒரே வீட்டில் ஒரே பிரதியை வைத்திருப்பது வைத்திராமைக்கு ஒப்பு. மூன்று பிரதிகள் செய்க. அவற்றுள் ஒன்று வேற்றூரில் இருக்கட்டும். சுருக்கப்படாத மூலக்கோப்பைத் தொடாது காத்து, பகிர்வதற்குச் சுருக்கிய பிரதியைப் பயன்படுத்துக. 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணாக்கிவரும் நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகளோடு தொடர்புகொள்க. பாடியவர் பெயர், ஊர், நாள், பாட்டின் சந்தர்ப்பம் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே வாயாற் சொல்லி வைக்க. பாடுபவரின் இசைவைப் பெறாமல் எதனையும் பொதுவில் வெளியிடலாகாது. பாட்டு அவருடைய உடைமை. நாம் காவலர் மட்டுமே.

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் மாவட்டத்திலே இலக்கிய வட்டங்களும் வாசகர் சங்கங்களும் பள்ளித் தமிழ் மன்றங்களும் பல உள. ஒவ்வொருவரும் தத்தம் காதுக்கென்று தனித்தனியே வாங்கும் விலையுயர்ந்த வெளிவாயில்களின் செலவிலே சிறு பங்கைச் சேர்த்தால், வட்டத்துக்கு ஒன்றாக நல்ல உள்வாயில் ஒன்றை வாங்கிவிடலாம். தமிழ் ஆசிரியர் பாட்டின் சொல்லை அறிவார்; சங்கீத ஆசிரியர் மெட்டை அறிவார்; மாணவர் கருவியை அறிவார். மூவரும் கூடி மாதத்துக்கு ஒரு முதியவரின் வீட்டு வாயிலுக்குச் சென்றால், ஆண்டுக்குப் பன்னிரண்டு குரல்கள் நமக்கு மிஞ்சும். எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணைப் போல எவரோ ஒருவர் எங்கோ எஞ்சியிருப்பார் என்று பின்வருவோர் தேடி அலையும்படி விடலாகாது. பாடத் தெரிந்தவர்கள் இன்றும் நம் அயலிலே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே செல்வோம்.